இறக்கத்தை முதலில் எழுதிய திட்டம்: வெள்ளியங்கிரிப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்களிடம் திட்டம் என்ன என்று கேட்டால் ஏறுவதைப் பற்றித்தான் சொல்வார்கள். இரவு பூண்டியில் கிளம்புவது, விடியலுக்கு ஏழாவது மலை, சூரிய உதயம், சுயம்பு தரிசனம். அத்துடன் திட்டம் முடிந்துவிடும். இறங்குவது தன்னால் நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கோவையில் பவுண்டரி (உலோக வார்ப்பாலை) ஒன்றில் வேலை செய்யும் 14 பேர் திட்டமிட உதவி கேட்டு என்னிடம் வந்தபோதும் அவர்கள் கையில் இருந்தது இப்படிப்பட்ட திட்டம்தான். நாளும் குறித்துவிட்டிருந்தார்கள்: சித்ரா பௌர்ணமி.

அவர்களுடைய பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது, மலையில் அது எங்கே நின்றது, எங்கே ஆட்டம் கண்டது என்பதுதான் இந்த ஆய்வு. பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். குழுவில் 23 வயது பயிற்சித் தொழிலாளியும் இருந்தார், 56 வயது போர்மேனும் இருந்தார். மலைக்குப் புதியவர்களே அதிகம். ஆனால் பவுண்டரி உலைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள் என்பதால் வெயிலும் களைப்பும் தங்களை ஒன்றும் செய்யாது என்ற துணிச்சல் எல்லோருக்கும் இருந்தது. நான் முதலில் அஞ்சியது அந்தத் துணிச்சலைத்தான்.

மலையின் கணக்கு

வெள்ளியங்கிரி கோவைக்கு மேற்கே, நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. அடிவாரமான பூண்டியில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். அங்கிருந்து ஏழு மலைகளைத் தாண்டினால் சுமார் 6,000 அடி உயரத்தில், பெரும்பாறைகளுக்கு இடையே குகையில் சுயம்பு லிங்கம். தென் கயிலை என்று கொண்டாடுகிறோம். ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். இந்த 6 கிலோமீட்டர் என்ற எண்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி 6 கிலோமீட்டர் நடக்கிறவர், அதையே இங்கே நடந்துவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார். இங்கே அந்தத் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் ஏற வேண்டும். முதல் மலை முழுக்கச் செங்குத்தான கற்படிகள். வெள்ளை விநாயகர் கோயிலை எட்டுவதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு முட்டிவிடும். பிறகு வழுக்குப்பாறையும் சுனைகளும் வரும். அதன்பின் மரமில்லாத புல்மேடுகள், காற்று. ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கிக் குளித்துவிட்டு, களைத்த காலோடு ஏழாவதன் செங்குத்தில் ஏற வேண்டும். திரும்பும்போது ஆண்டி சுனையிலிருந்து மறுபடி ஏற்றம். கடைசியில் மிச்சமிருக்கும் முழங்காலை முதல் மலையின் படிகள் வாங்கிக்கொள்ளும்.

பக்தர்களை மலையேற விடுவது வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரை. அதாவது கோடை. புல் காய்ந்து, சுனை சுருங்கி, யானைகள் தண்ணீர் தேடி இடம் மாறும் காலம். இதே மாதங்களில்தான் நம் மாநிலக் காடுகளில் தீ பிடிக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் இறங்கும் வழியில்தான் சிக்கினார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் கொண்டுவந்தது. நெருப்புக் காலத்தில் வனத்துறையின் மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. வெள்ளியங்கிரியில் பக்திப் பயணம் மட்டும் அந்தக் காலத்திலேயே நடக்கிறது. மரபை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேறு மலைகளுக்கு ஆபத்துக் காலம் என்று அறிவிக்கப்பட்ட மாதத்தில் நாம் இங்கே ஏறுகிறோம் என்ற நினைவு திட்டம் போடுகிறவனுக்கு இருந்தாக வேண்டும். கற்பூரமும் தீப்பெட்டியும் பையில் இருக்கும்போது அது இன்னும் அவசியம்.

பின்னாலிருந்து எழுதுவது

ஒரு தாளை எடுத்து, கடைசி வரியை முதலில் எழுதச் சொன்னேன்: காலை 11 மணிக்குள் எல்லோரும் பூண்டியில் இருக்க வேண்டும். ஏன் 11? கோடை வெயிலில் அதற்கு மேல் முதல் மலையின் படிக்கற்கள் சூடேறிவிடும். தூங்காத உடம்பு, காலியான பாட்டில், நடுங்கும் தொடை மூன்றும் அந்த வெயிலோடு சேரும் இடம்தான் இந்த மலையின் உண்மையான ஆபத்தான இடம். ஏறும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அப்போது இரவு, குளிர், உற்சாகம்.

மெதுவாக நடக்கிறவருக்கு இறங்க 4 மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். ஆகவே உச்சியைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் காலை 6:45. ஏறுவதற்கு ஓய்வையும் தரிசனத்தையும் சேர்த்து 8 மணி நேரத்துக்கு மேல். ஆகவே பூண்டியில் முதல் படி இரவு 10:30. அந்தக் கணக்கிலிருந்து ஒரு விதி பிறந்தது: 6:45க்கு யார் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். ஐந்தாவது மலையானாலும் சரி, ஏழாவதன் பாதியானாலும் சரி.

இதைச் சொன்னதும் அறையில் சலசலப்பு. மற்ற மலைகளில் இது சாதாரண விதி. இங்கே அப்படியில்லை. இது வேண்டுதல் வைத்துப் போகிற மலை. மாலை போட்டு, அசைவம் தவிர்த்து வருகிற ஒருவரிடம் சுயம்புவைப் பார்க்காமல் திரும்பு என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்வது எளிதல்ல. வெளிநாட்டு மலையேற்றக் கையேடுகளில் உள்ள விதிகள் இங்கே சறுக்குவது இந்த இடத்தில்தான். வழி சொன்னவர் போர்மேன். ‘பூண்டியிலேயே ஆண்டவர் இருக்கிறார். அவரைக் கும்பிட்டு, வேண்டுதலை அங்கேயே செலுத்திவிடலாம். மேலே போவது அவர் அழைத்தால்’ என்றார். அன்றைய கூட்டத்தில் உருப்படியாகச் சொல்லப்பட்ட ஒரே வாசகம் அது. அப்படியே திட்டத்தில் ஏறியது: மாலையிலேயே பூண்டி சேர்வது, கோயிலில் வழிபாட்டை முடிப்பது, அதற்குப் பிறகே மலை.

தேதிக்கு வருவோம். சித்ரா பௌர்ணமியும் சிவராத்திரியும் மலை தாங்காத கூட்டம் கூடும் நாட்கள். படியில் ஒருவர் நின்றால் பின்னால் நூறு பேர் நிற்க வேண்டும். அவரவர் வேகத்தில் நடக்க முடியாதபோது உடல் இரட்டிப்பாகக் களைக்கிறது. சுனையில் வரிசை, குகையில் வரிசை. திரும்பும் நேரம் என்ற விதியெல்லாம் அந்த நெரிசலில் செல்லாக் காசு. ஆனால் நிலவு வேண்டும் என்று இவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். பங்குனியில் தேய்பிறைப் பஞ்சமி வார நடுவில் வந்தது. பௌர்ணமி முடிந்து ஐந்தாம் நாள் என்பதால் இரவு பத்தரை வாக்கில் நிலா எழும், விடியும்வரை தலைக்கு மேலே இருக்கும். கூட்டமோ கலைந்து போயிருக்கும். பௌர்ணமி இரவில்தான் வெளிச்சம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த எளிய உண்மை தோன்றுவதே இல்லை. ஷிப்டு மாற்றிக்கொள்ள நிர்வாகத்திடம் பேச வேண்டியிருந்தது, பேசினார்கள், கிடைத்தது.

கூட்டமும் தூக்கமின்மையும் சேர்வது நம் ஊரின் நோய் மட்டுமல்ல. ஜப்பானில் ஃபுஜி மலைக்கு இரவெல்லாம் ஓய்வின்றி ஏறி விடியலைப் பார்க்கிறவர்களின் தொல்லை பெருகியதால், 2024இல் யாமானாஷி மாகாணம் யோஷிதா பாதையில் நாளைக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்தது, 2,000 யென் கட்டணம் விதித்தது, மாலை 4 மணி முதல் அதிகாலை 3 மணி வரை வழியில் தங்குமிடம் பதிவு செய்யாதவர்களுக்கு வாசலை அடைத்தது. அடுத்த ஆண்டு கட்டணம் 4,000 யென் ஆயிற்று. பூண்டியில் அப்படி வாசல் அடைக்கிறவர் யாரும் இல்லாதவரை, வரம்பை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆட்களும் பைகளும்

2024 பருவத்தில் வெள்ளியங்கிரியில் பக்தர்கள் அடுத்தடுத்து உயிரிழந்த செய்திகள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அடிவாரத்தில் எச்சரிக்கிறார்கள். ஆனால் அடிவாரம் வரை வந்துவிட்ட ஒருவர் அந்தப் பலகையைப் படித்துத் திரும்பிப் போவார் என்று எதிர்பார்ப்பது வீண். அந்த முடிவு ஊரிலேயே எடுக்கப்பட வேண்டும்.

அதற்காக மருதமலையில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலையில் படிவழியாக ஏறி இறங்கி, உட்காராமல் மறுபடி ஏறுவது. ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது. பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். பத்து நிமிடம் உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் மூன்று பேர் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள போர்மேனை மருத்துவர் வேண்டாம் என்றார். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை. அவரே அடிவாரப் பொறுப்பாளர் ஆனார். எல்லோருடைய பெயர், வீட்டுத் தொலைபேசி எண், சாப்பிடும் மருந்து, யார் யாரோடு நடக்கிறார்கள் என்ற பட்டியல் அவர் கையில். காலை 11:30க்குள் பட்டியலில் எல்லாப் பெயரும் அடிக்கப்படாவிட்டால் அவர் வனத்துறையினரிடம் போய்ச் சொல்ல வேண்டும். செல்போன் சிக்னல் வழியெல்லாம் கிடைக்காது என்பதால் இந்த நேரக்கெடுதான் எங்கள் உண்மையான தொடர்பு. மேலே ஒருவர் விழுந்தால் ஆம்புலன்ஸ் வராது, டோலிதான். அதைச் சுமக்கிறவர்களும் மனிதர்கள்தான், அதே படிகளில் சுமையோடு இறங்குகிறவர்கள். நம் பிடிவாதத்தின் எடையை அவர்கள் தோளில் ஏற்றுகிறோம் என்பதைப் பயிற்சி நாட்களில் பலமுறை சொன்னேன், சலிப்படையும்வரை.

ஏறப்போகிறவர்கள் என்னையும் சேர்த்து 11 பேர். நான்கு, நான்கு, மூன்று என்று பிரித்தோம். தனியாக யாரும் முன்னேறக் கூடாது, தனியாக யாரும் திரும்பவும் கூடாது. மெதுவான மூவரில் நானும் ஒருவன்.

பொருட்களைப் பற்றி நீட்ட வேண்டாம்; ஆனால் பிளாஸ்டிக் சோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடிவாரத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட், சிப்ஸ் போன்றவற்றின் உறையைக் கழற்றிக் காகிதத்தில் மாற்றிக் கொடுப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் என்று நீலகிரியில் தொடங்கிய ஏற்பாட்டின் அதே தத்துவம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த வரிசையில் நின்று கடலைமிட்டாயைப் பிரித்துக்கொண்டிருப்பதைவிட, உறையே இல்லாமல் போவது சுலபம். சில்வர் டப்பாவில் புளியோதரை, துணிப்பையில் வறுத்த கடலை, பேரீச்சை, வெல்லம். உப்பும் சர்க்கரையும் கலந்து காகிதப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டோம். ஆளுக்கு இரண்டு லிட்டர், எவர்சில்வர் பாட்டில்களில். கனம் என்று முணுமுணுப்பு எழுந்தது, எழட்டும். ஆரஞ்சும் வாழைப்பழமும் வேண்டாம் என்றேன். தோல் மக்கிவிடும் என்று எறிகிறவர்கள் குரங்கைப் பழக்கி, அடுத்து வருகிறவனின் பையைக் கிழிக்க வைக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரு காய்ந்த பனியன், ஒரு குல்லா. நெற்றி விளக்கு, மாற்று பேட்டரி. அடிவாரத்தில் விலைக்கு வாங்கும் மூங்கில் தடி. அது ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு. கூடவே குழுவுக்கு ஒரு சிறிய களைக்கொத்து.

அந்தக் களைக்கொத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இதைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. ஓர் இரவு முழுக்க ஆயிரக்கணக்கானோர் நடக்கும் பாதையில் மலஜலம் எங்கே போகும்? வெள்ளியங்கிரி நொய்யலின் பிறப்பிடம். மேலே சுனை ஓரத்தில் ஒருவர் செய்வது பேரூர் படித்துறையைத் தாண்டி, திருப்பூரைத் தாண்டிக் காவிரிவரை போகும் ஆற்றின் முதல் சொட்டில் கலக்கிறது. திருப்பூரின் சாயக்கழிவைப் பற்றி மேடைபோட்டுப் பேசுகிற ஊர் நாம். எங்கள் விதி எளியது: அடிவாரத்தில் கழிப்பறையை முடித்துக்கொள்வது; மேலே தவிர்க்க முடியாவிட்டால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் நன்றாக எழுபது எண்பது தப்படி விலகி, அரை அடி குழி தோண்டி, மண்ணால் மூடுவது. இரவில் தனியாகக் காட்டுக்குள் நுழையாமல், குழுவில் ஒருவர் விளக்கோடு சற்றுத் தள்ளி நிற்பது. கூச்சம் முதல் மலையோடு போய்விடும்.

இன்னொன்று, வண்டி. இரவெல்லாம் நடந்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கிறவரைவிட ஆபத்தான ஆள் அந்த மலையில் யாருமில்லை. வேன் பேசினோம், மலையேறாத ஓட்டுநரோடு. இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாகப் போகும் சாலையில் இருட்டிய பின் யானை நடமாட்டம் உண்டு என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே பூண்டி சேர்வது என்றும் எழுதிவைத்தோம். பகலில் பத்து மணி முதல் நான்கு மணிவரை எல்லோரும் தூங்கியிருக்க வேண்டும். தூங்கினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்கு பேர் கண்களைப் பார்த்தாலே பொய் தெரிந்தது.

மலையில் நடந்தது

10:40க்கு முதல் படி. நிலா அப்போதுதான் கிழக்கே, கோவையின் விளக்குகளுக்கு மேலே சிவப்பாக எழுந்துகொண்டிருந்தது. வார நாள் என்பதால் படிகளில் இடைவெளி இருந்தது. அப்படியும் முதல் மலையிலேயே திட்டத்தின் முதல் சோதனை வந்துவிட்டது. அது வந்தது மூத்தவர்களிடமிருந்து அல்ல. உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தவறாமல் போகும் 26 வயதுக்காரர், மற்றவர்களின் வேகம் பொறுக்காமல் படிகளில் தாவிப் போயிருக்கிறார். வெள்ளை விநாயகர் கோயிலில் நாங்கள் சேர்ந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, இரண்டு முறை வாந்தி. மார்பு வலி இல்லை, மூச்சு சீராக இருந்தது. பகலில் தூங்கவில்லை, மாலையில் பரோட்டா சாப்பிட்டேன் என்று மெதுவாக வெளியே வந்தது. அரை மணி நேரம் இருந்துவிட்டு மேலே வருகிறேன் என்று கெஞ்சினார். முதல் மலையில் சரியில்லாதவர் ஏழாவதில் சரியாக மாட்டார். இன்னொருவரோடு கீழே அனுப்பினோம். கூடப் போனவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவருக்குத்தான் அன்றைய மரியாதை சேர வேண்டும்.

நடுவில் உள்ள மலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூங்கில் காட்டுக்குள் நிலவு நுழையாது, விளக்கு வட்டத்துக்குள் காலைப் பார்த்து நடப்பதுதான். ஒரு கூட்டம் ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு கடந்து போனது. இரவில் காட்டில் சத்தம் என்பது மனிதனுக்கும் விலங்குக்கும் இருக்கும் முக்கியமான எச்சரிக்கை. அதை அடைத்துவிட்டு நடக்கிறவர்களுக்கு என்ன சொல்வது. மரங்கள் முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் காற்று அறைந்தது. வியர்வையில் நனைந்த சட்டை சில நிமிடங்களில் பனிக்கட்டி போல உடம்பில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாறை மறைவில் நிற்கவைத்து, ஈரச் சட்டையைக் கழற்றி, காய்ந்த பனியனை மாற்றச் சொன்னேன். குளிரில் சட்டையைக் கழற்றுவது யாருக்கும் பிடிக்காது. மாற்றியவர்கள் நடுங்கவில்லை. ‘பரவாயில்லை’ என்று அப்படியே நடந்த ஒருவர் அடுத்த ஓய்வில் பல் கிட்டித்துப் போய் நின்றார். பிறகு அவரும் மாற்றினார்.

என் குழுவில் மோல்டிங் (வார்ப்பு அச்சு) பிரிவைச் சேர்ந்த 44 வயதுக்காரர் ஒருவர். மகளின் திருமணத்துக்காக வேண்டுதல். ஐந்தாவது மலையில் அவருக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, காலை நீட்டிக் கால்விரல்களை முழங்காலை நோக்கி மடக்கி, பொறுமையாக இழுத்துவிட்டோம். நாற்பது நிமிடம் போனது. முன்னால் போன இரண்டு குழுக்களில் மிச்சமிருந்த ஆறு பேரும் ஆறு மணிக்குள் உச்சியில் தரிசனம் முடித்துவிட்டார்கள். நாங்கள் மூவர் ஆண்டி சுனையில் இருந்தபோது மணி 6:45.

ஏழாவது மலை எதிரே நின்றது. வெளிச்சம் வந்துவிட்டதால் மேலே ஏறுகிறவர்களின் வேட்டி நிறம்கூடத் தெரிந்தது. ‘அண்ணா, குளித்துவிட்டேன். இதோ கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஒரே மலைதானே’ என்றார். கணக்கைச் சொன்னேன். அவர் காலுக்கு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல், குகையில் கால் மணி, இறங்கி இங்கே வர முக்கால் மணி. ஒன்பதுக்கு ஆண்டி சுனை என்றால், பூண்டிக்கு ஒரு மணிக்கும் மேல். பிடித்த கால், பாட்டிலில் அரை லிட்டர். அவர் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு வெள்ளை விநாயகர் வரும்வரை என்னோடு பேசவில்லை.

மேலிருந்து வந்த ஆறு பேர் வழியிலேயே எங்களைப் பிடித்துவிட்டார்கள். முதல் மலையின் படிகளில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மோல்டிங்காரர் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். 11:20க்குப் பூண்டி. போர்மேன் பட்டியலில் கடைசிப் பெயர்களை அடித்தார். வனத்துறையினரைத் தேடிப் போக இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

குப்பையைப் பற்றி ஒரு குறிப்பு. மலையையே சுத்தம் செய்துவிட்டு வரலாம் என்று ஆரம்பத்தில் ஆசைப்பட்டார்கள். இறங்குகிற களைத்த ஆளின் முதுகில் சாக்கு மூட்டை ஏற்றுவது சேவையல்ல, புது விபத்து. வெள்ளை விநாயகருக்குக் கீழே மட்டும், தெம்பு உள்ள நான்கு பேர் மட்டும் என்று சுருக்கினேன். அவர்கள் பொறுக்கியதில் அதிகம் இருந்தவை குளுக்கோஸ் பொட்டலங்கள், குளிர்பான பாட்டில்கள், தீர்ந்த பேட்டரிகள், அறுந்த செருப்பு வார்கள், ஒற்றை முழங்கால் உறை. எல்லாமே களைத்தவன் கைவிட்ட பொருட்கள். ஏறும்போது அல்ல, இறங்கும்போது எறிந்தவை என்று பார்த்த உடனே தெரியும். படித் திருப்பங்களில், ஆட்கள் உட்காரும் இடத்துக்கு ஒரு கையெட்டும் தூரத்தில் கிடந்தன. பாட்டில்களில் 20 ரூபாய் ஸ்டிக்கர் ஒட்டியது அபூர்வம். முன்பணம் வேலை செய்கிறது. அது தொடாத பொருட்கள்தான் மலையில் தங்குகின்றன.

மதிப்பீடு

11 பேரில் 6 பேர் உச்சியைத் தொட்டார்கள். யாருக்கும் காயமில்லை, டோலிக்கு வேலை வைக்கவில்லை, வேன் ஓட்டுநர் நன்றாகத் தூங்கியிருந்தார். காகிதத்தில் இது வெற்றி. ஆனால் இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு: மோல்டிங்காரர் அதே பருவத்தில் சித்ரா பௌர்ணமி இரவில் தன் மச்சானோடு மறுபடி ஏறி, சுயம்புவைத் தரிசித்து, பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கி வந்தார். ஒன்றும் ஆகவில்லை. பவுண்டரி கேண்டீனில் அதை எனக்குச் சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை, கொஞ்சம் நிறைவு இருந்தது. ‘நீங்கள் சொன்ன உப்புத் தண்ணீரும் தடியும்தான் காப்பாற்றியது அண்ணா’ என்றார். கும்பலோடு போய், வெயிலில் இறங்கி, நலமாக வருகிறவர்கள்தான் பெரும்பான்மை; அதனால்தான் அந்தப் பழக்கம் மாறுவதில்லை. 6:45 விதியை நான் மாற்றப் போவதில்லை. ஆனால் வேண்டுதல் உள்ளவரைத் திரும்ப வைக்கும் விதி, அவரைக் கூட்டத்தின் நடுவே, குழுவின் துணையில்லாமல் இன்னொரு முறை அனுப்பிவைக்கும் என்றால், விதியோடு வேறு ஏதோ சேர வேண்டும்.

சேர்த்திருப்பது இவை. மெதுவான குழு இரவு 9:30க்கே கிளம்பும். வேகமானவர்கள் ஒரு மணி நேரம் கழித்து. வேண்டுதல் உள்ளவர்கள் அனைவரும் முதல் குழுவில், அவர்களோடு தெம்பான இருவர். ஒரு பருவத்துக்கு இரண்டு தேதிகள் முன்கூட்டியே குறிக்கப்படும். முதல் தேதியில் திரும்பியவருக்கு இரண்டாவதில் முதல் இடம். இந்த ஆண்டு பெயர் கொடுத்தவர்கள் 18 பேர், ஒரு தேதிக்கு ஒன்பதுக்கு மேல் இல்லை. கூட அழைத்துவரலாமா என்று கேட்ட மைத்துனர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். அதில் இரண்டு பேருக்கு என்மேல் கோபம்.

இன்னும் தீராத விஷயம் ஒன்று. பவுண்டரியின் கோர் (வார்ப்பின் உட்குழிவுக்கான மணல் அச்சு) பிரிவில் பெண்கள் அதிகம். இந்த மலையில் இளம் வயதுப் பெண்கள் ஏறும் வழக்கம் இல்லை என்பதால் முதல் பட்டியலில் அவர்கள் பெயரே எழவில்லை. அந்த வழக்கத்தைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அதற்கு இது இடமில்லை. எங்களுக்கும் ஒரு மலை வேண்டும் என்று ஏழு பேர் வந்து கேட்டார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டியோடு, இணையத்தில் பதிவு செய்து போகலாம். நெருப்புக் காலம் முடிந்து பாதைகள் திறந்ததும் நடுத்தரக் கடினம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக முடிவாகியிருக்கிறது. அவர்களின் மருதமலைப் பயிற்சி வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு.